நூறு மைக்ரோகிராம் குற்றவாளி

எங்கள் கட்டடத்தில் முதலில் முறிந்தது கூரியர்காரர் டெல்மரின் காறை எலும்பு. அதற்கு முன் ஒரு வருஷம், ஏழு மாதம், நான்கு நாள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்று வாசல் பலகை சொல்லிக்கொண்டிருந்தது. வாசல் படியில் பனியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறவர்கள் அதில் வரமாட்டார்கள். அது வானிலை செய்யும் காரியம். அதற்கு அலுவலகம் என்ன செய்யும்?

அலுவலகம் என்றால் காயமில்லா வளாக அலுவலகம். அதன் இயக்குநர் ரான்டல் ஷ்மிட்கே. மினசோட்டாவின் வட கோடியில், ஏரி ஏப்ரல் வரை உறைந்து கிடக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில், கத்தரிக்கோலின் அலகுகளை மழுங்கடித்து வாங்க வேண்டும் என்று சட்டம் போட்ட மனிதர் அவர்தான். அதனால் வெட்ட முடியாமல் எல்லோரும் பல்லால் கடித்து, நான்கு பேருக்குப் பல் போனது. பல் எலும்பாகாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

நான் இரண்டாம் மாடியில் மீன் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். நாலாயிரம் குட்டி மீன்கள். மீன்கள் பேசாது; ஆகவே எதிர் அறையில் பேசுவது காதில் விழும். நான் ஒட்டுக் கேட்பதில்லை. கதவைத் திறந்து வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

எதிர் அறை மார்லிஸ் ட்வீட்டுடையது. ஐம்பத்தெட்டு வயது, ஆய்வக உதவியாளர். பேராசிரியர் ப்ளம் என்று ஒருவர் பேருக்கு மேலே இருக்கிறார், வேலை இவளுடையது. ஒரு குடும்பம். அதில் பிள்ளைகள் ஓடும்போது, நீந்தும்போது சட்டென்று இதயம் நின்று செத்துப்போகிறார்கள். ஏன் என்று ஒன்பது வருஷமாகத் தேடி, இதயத் தசையிலிருக்கும் ஒரு வாயில், கால்சியம் போகும் சின்னக் கதவு, அதுதான் பழுது என்று மார்லிஸ் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வாயிலை அதட்டி மூடவைப்பது கால்மோடுலின் என்ற புரதம். அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்விய ஜோரில் மற்ற புரதங்களை ‘எழுந்திரு, உட்கார்’ என்று மிரட்டும். இந்தக் குடும்பத்து வாயில் அந்த மிரட்டலுக்கு மசியவில்லை.

கட்டுரை எழுதி அனுப்பினாள். பத்திரிகையின் மதிப்பீட்டாளர், ‘நீங்கள் பயன்படுத்தியது கன்றுக்குட்டி மூளையிலிருந்து எடுத்த புரதம். மனிதப் புரதத்தில் செய்து காட்டுங்கள்’ என்றார். இந்தப் புரதத்தில் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஓர் அணு வித்தியாசம் கிடையாது. அதை மார்லிஸ் பணிவாக எழுதிப் பார்த்தாள். ‘இருந்தாலும்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. கெடு அறுபது நாள். தவறினால் கட்டுரை போயிற்று. டெக்சாஸில் இன்னொரு கூட்டம் இதையே மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டுரை வராவிட்டால் ஆய்வகத்தை ஜூலையில் பூட்டிவிடுவார்கள்.

ஆகவே மார்லிஸ் மனிதக் கால்மோடுலினுக்கு எழுதிப்போட்டாள். மனிதனின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதை இந்தப் புரதத்தைச் சமைக்க வைத்து, சுத்தம் செய்து குப்பியில் அடைத்து விற்கிறார்கள். நூறு மைக்ரோகிராம், இரண்டு உப்புப் பரல் எடை. ‘ஆய்வகத்துக்கு மட்டும்’ என்று ஒட்டியிருக்கும். உலர்பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில், கெடுவுக்கு நாற்பத்து மூன்று நாள் இருக்கும்போது, அது வந்து சேர்ந்தது.

சரக்கு இறக்கும் மேடையில் ஷ்மிட்கே விவரச் சீட்டைப் படித்தார். படித்தவர் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ட்ரூடி, இது கால்சியத்தைப் பிடிச்சுக்குமாம். இவங்களே எழுதியிருக்காங்க. கால்சியம் எங்க இருக்கு?”

ட்ரூடி ஹகாலா அவருடைய கள அதிகாரி. பதினோரு வருஷம் ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டம் ஆடியவள். “பால்ல இருக்குங்க சார்.”

“அப்புறம்?”

“சீஸ்ல.”

“எலும்புல, ட்ரூடி! நம்ம வளாகத்துல மூவாயிரத்து நானூறு பேர். ஆளுக்கு இருநூத்தாறு எலும்பு. பெருக்கிப் பாரு.”

ட்ரூடி பெருக்கினாள். “ஏழு லட்சத்து நானூறு, சார்.”

“அவ்வளவுக்கும் நான் பொறுப்பு. பெட்டியை உடனே பிடி.”

பெட்டி அப்போது டெல்மரின் கையில் இருந்தது. ட்ரூடி தோளைத் தாழ்த்திக்கொண்டு ஆறு எட்டு ஓடினாள். டெல்மர் சுவரில் அடிபட்ட சத்தம் இரண்டாம் மாடியில் என் மீன்களுக்கே கேட்டிருக்கும்; எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கின. நான் கீழே ஓடிப் போனபோது அவர்மேல் படுத்தவாக்கில், “மன்னிச்சுக்கங்க, வலிக்குதா?” என்று ட்ரூடி விசாரித்துக்கொண்டிருந்தாள். “பரவால்லம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார் டெல்மர். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். கழுத்தை அறுத்தால்கூடக் கத்தியில் ரத்தம் பட்டதற்கு மன்னிப்புக் கேட்பார்கள்.

அன்று மாலையே அறிக்கை எழுதப்பட்டது. ‘சம்பவம் ஒன்று: பெட்டியைத் தொட்ட நான்காவது நிமிடத்தில், தொட்டவரின் காறை எலும்பு முறிந்தது.’

மார்லிஸ் ஓடி வந்தாள். ஷ்மிட்கே ஒன்றும் அரக்கரில்லை. நன்றாகத்தான் கேட்டார்: “உங்க சாமான். இப்பவே எடுத்துட்டுப் போறீங்களா?”

எங்கள் பக்கத்தில் எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கக்கூடாது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை, ‘சரி, இவ்வளவு சொல்றீங்க’ என்று வாங்கிக்கொள்ள வேண்டும். வீடு எரியும்போது வரும் தண்ணீர் வண்டிக்காரரிடமும் இதுதான் முறை. மார்லிஸ் வளர்ந்த வளர்ப்பு அது. “ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இருக்கட்டும்” என்றாள்.

ஷ்மிட்கே இரண்டாம் தடவை கேட்கவில்லை. படிவத்தில் எழுதினார்: ‘உரியவரே ஏற்க மறுத்தார்.’

அதோடு குப்பி அவர்களுடைய அடித்தள அறையின் உறைபெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

மறுநாள் மார்லிஸ் ஷ்மிட்கேயிடம் விளக்கம் சொல்லப் போனாள். நான் துணைக்குப் போனேன், வேறு நோக்கமில்லை. “ரான்டி, அந்தக் குப்பி முழுக்கப் பிடிச்சுக்கக்கூடிய கால்சியம், ஒரு சொட்டுப் பால்ல இருக்கிறதுல அறுபதுல ஒரு பங்குகூட வராது. அதுவும் குப்பிக்குள்ள. மூடி போட்டு. எண்பது டிகிரி குளிர்ல.”

அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். “அப்ப, பாலும் ஆபத்துல இருக்குன்னு சொல்றீங்க.”

மதியத்துக்குள் சிற்றுண்டிச்சாலைப் பால் முழுவதும் பூட்டப்பட்டது. காப்பிக்குப் பால் கேட்ட கணிதத் துறை ஆள் ஒருவரை ட்ரூடி மேஜையின் மேல் மடக்கிப் போட்டாள். விலா இரண்டு. சம்பவம் இரண்டு, மூன்று.

பிறகுதான் அடிப்படை எலும்புச் சோதனை வந்தது. எலும்பு பலவீனமாகிறதா என்று தெரிய வேண்டுமானால், இப்போது எவ்வளவு பலமாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்வாரத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். ட்ரூடி கையில் ரப்பர் சுத்தியல். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முன்காலை நீட்ட வேண்டும்.

“மன்னிச்சுக்கங்க.” டொக். “வலிக்குதா?”

“ஊஃப்டா! உயிர் போகுது!”

“நல்லது. எலும்பு இருக்கு. அடுத்தவங்க வாங்க.”

ரப்பர் சுத்தியலில் எண்கள் துல்லியமாக வரவில்லை என்று மூன்றாம் நாள் இரும்புக்கு மாறினார்கள். பாக்டீரியா ஆய்வகத்துப் பையன்கள் இரண்டு பேருக்குக் கால் போனது. நூலகக்காரி வில்லாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தேகப்பட்டு இன்னொரு தரம் அடித்தார்கள், ஆயிற்று. அடிபட்டவர் வீட்டுக்கெல்லாம் அலுவலகச் செலவில், சாயங்காலமே, ஹாட்டிஷ், அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த எங்கள் ஊர்த் தட்டு, போய்ச் சேர்ந்தது. ட்ரூடியே எடுத்துக்கொண்டு போனாள். மாட்டிறைச்சியைக் கொஞ்சம் அதிகமாக வேகவிட்டுவிடுவாள். மற்றபடி குறை சொல்ல முடியாது. யாரும் சொல்லவும் இல்லை. தட்டைக் கழுவி நன்றிச் சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

மார்லிஸின் கால் தப்பியது. கால் கனம் என்று ட்ரூடி பாராட்டினாள்.

அடுத்தது விழுதல் சோதனை. சரக்கு மேடை நாலடி உயரம், கீழே பனி. ஒவ்வொருவராகத் தள்ளினார்கள். பேராசிரியர் ப்ளம், தள்ளப்படுவதற்கு முன், தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக மார்லிஸுக்காக வாயைத் திறந்தார்: “இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கே, ரான்டி?” எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது. ஷ்மிட்கேயின் முகம் சுருங்கிவிட்டது. ப்ளம்மை இரண்டு தடவை தள்ளினார்கள். இடுப்பு.

மருத்துவமனையில் அவர் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை விடு. குப்பியை எடு” என்றார்.

கெடுவுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. மார்லிஸ் பதினான்கு படிவம் நிரப்பியிருந்தாள். பதினான்காவது, பதின்மூன்றையும் ரத்து செய்யக் கோரும் படிவம் என்று கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அன்று பட்டப்பகலில் அடித்தளத்துக்கு இறங்கினாள். நான் பின்னால் போனேன்.

பெட்டகம் மாதிரி மேலே திறக்கும் உறைபெட்டி. ட்ரூடி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளிர் சரியாக இருக்கிறதா என்று குறித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நடுவில், ஒரு சின்ன அட்டைப் பெட்டி. மார்லிஸ் ‘மன்னிச்சுக்க ட்ரூடி’ என்றுகூடச் சொல்லாமல் கையை விட்டாள். அந்த மரியாதைக் குறைவில்தான் ட்ரூடி அதிர்ந்துபோய் மூடியை விட்டிருக்க வேண்டும், அல்லது பயிற்சி. மூடி இறங்கியது. உலர்ந்த விறகு ஒடிகிற சத்தம். ட்ரூடி தன் முழு எடையோடு மேலே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் ஒரு விறகு.

“எந்திரிடி!” என்று நான் கத்தினேன். நான் கத்தியது இருபது வருஷத்தில் அதுதான் முதல்.

“எந்திரிக்கிறேன் பெவ். உள்ள இன்னும் கை இருக்கா பாத்துச் சொல்லுங்க.”

அறிக்கை: ‘சம்பவம் பதினொன்று: குப்பியை நெருங்கிய வலக்கை, ஒன்பது அங்குலத் தூரத்திலேயே இரண்டு இடத்தில் முறிந்தது.’

ஹாட்டிஷ் வந்தது. மார்லிஸ் அதைத் திறக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டாள். தட்டோடு. இவள் இனி என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்று தோன்றியது.

எட்டு நாள் கழித்து விசாரணை. மண்டபத்தில் பாதிப் பேர் ஊன்றுகோலில். ஷ்மிட்கே பேசினார்.

“நண்பர்களே! இந்தக் குப்பி வர்றதுக்கு முன்னாடி நம்ம பலகையில சம்பவம் எத்தனை? பூஜ்யம். வந்த பிறகு? பதினோரு சம்பவம். அதுல ஒவ்வொரு சம்பவமும் நடந்த இடத்துல நானும் ட்ரூடியும் இருந்திருக்கோம். நாங்க இல்லாத இடத்துல ஒரு எலும்புகூட முறியலை. அப்படின்னா என்ன அர்த்தம்? எங்க ஆபத்து இருக்கோ அங்க நாங்க சரியாப் போய்ச் சேர்ந்திருக்கோம்!”

கைதட்டல். இரண்டு கையும் இருந்தவர்கள் தட்டினார்கள்.

“இன்னொண்ணு சொல்றேன். குப்பியை இதுவரைக்கும் யாரும் திறக்கலை. மூடியிருக்கும்போதே பதினொண்ணு! திறந்திருந்தா? இதை இனிமே உயிரோட விடக்கூடாது. எப்படி முடிக்கலாம்னு மட்டும் சொல்லுங்க.”

வெளுப்பான் ஊற்றலாம் என்றது ஒரு குரல். பக்கத்து மாவட்டச் சூளையில் எரிக்கலாம் என்றது இன்னொன்று. சுத்தியல் இருக்கிறதே என்று ட்ரூடி நினைவூட்டினாள். வாக்கெடுப்பு சூளைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் மார்லிஸ் எழுந்தாள். வலக்கை மாவுக்கட்டில், முகம் வெளிறி.

“கொதிக்க வைங்க.”

ஊன்றுகோல்கள் எல்லாம் பின்பக்கம் திரும்பின.

“எரிச்சா உடனே செத்துடும். அது பத்தாது. மூடியை இறுக்கி, தொண்ணூத்தஞ்சு டிகிரி தண்ணியில போடுங்க. பத்து நிமிஷம். எல்லாரும் பாக்கணும். அப்புறம் மிச்சத்தை எங்கிட்ட குடுங்க. நான் வரவழைச்சது, நானே அடக்கம் பண்றேன்.”

முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஷ்மிட்கேக்குக் கண் கலங்கிவிட்டது. “பாதிக்கப்பட்டவங்களோட குரல் இது” என்றார். ஒருமனதாக நிறைவேறியது.

வெளியே வந்ததும் நான் அவளை மடக்கினேன். “பைத்தியமாடி உனக்கு? ஒம்போது வருஷம்! முட்டையை வேகவெச்சா மாதிரி ஆயிடுமே!”

“நீ மீனைப் பாரு, பெவ்” என்றாள். மூஞ்சியில் அடித்த மாதிரி. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. கதவு மட்டும் திறந்திருந்தது.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்டனை நிறைவேறியது. உடற்பயிற்சிக் கூடத்தில் மேடை, மேடையில் மேஜை, மேஜையில் வெந்நீர்த் தொட்டி. பள்ளிக்கூட இசைக்குழு வாசித்தது. முறிந்த எலும்புகள் ஒவ்வொன்றின் பெயரும் வாசிக்கப்பட்டது. இரண்டு காவலர் நடுவில் ட்ரூடி இடுக்கியில் குப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நீளம் ஒரு சுண்டுவிரல்கூட இருக்காது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தவர்கள் அவள் வெறும் இடுக்கியோடு வருவதாகத்தான் நினைத்தார்கள்.

“ஏதாவது சொல்ல விரும்புதா?” என்று ஷ்மிட்கே கேட்டார். விதியில் இருந்தது. ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள்.

பிறகு அமிழ்த்தினார்கள். ஐந்தாம் நிமிஷத்தில் கூட்டம் நெருக்கியதில் மேல்வரிசை பெஞ்சு சரிந்து ஏழெட்டுப் பேர் கீழே விழுந்தார்கள், அலறினார்கள். அது குப்பியின் கடைசி மூச்சு என்று முடிவாயிற்று. பத்தாம் நிமிஷம் மருத்துவர் ஒருவர் குனிந்து பார்த்து, நேரம் குறித்தார். மார்லிஸ் மாவுக்கட்டில் முகம் புதைத்து அழுதாள். மிச்சத்தை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, இறப்புச் சான்றிதழோடு அவளிடம் ஒப்படைத்தார்கள்.

கூடம் தாண்டி, பாலம் தாண்டி, இரண்டாம் மாடி வரை அழுதுகொண்டே வந்தவள், என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். கண் உலர்ந்திருந்தது.

“பனிக்கட்டி எடு. சீக்கிரம்.”

“எதுக்கு?”

“முட்டை இல்லடி இது. கொதிக்க வெச்சா அவிழும், ஆறினா பழையபடி தானாச் சுருண்டுக்கும். இதைத் தயார் பண்றவங்களே கொதிக்க வெச்சுத்தான் சுத்தம் பண்ணுவாங்க. கூட இருக்கிற குப்பையெல்லாம் வெந்து திரிஞ்சு விழும். இது மட்டும் அசையாது. அந்தச் சூளைன்னு சொன்னான் பாரு, அப்பதான் எனக்கு உயிரே போச்சு.”

நான் பனிக்கட்டி எடுக்க ஓடினேன். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொண்டேன்.

அவள் வலக்கை உபயோகமில்லை. ஆகவே என் கை. உறிஞ்சுகுழாயை நான்தான் பிடித்தேன். “கட்டைவிரலை மெதுவா. மெதுவா! மீனுக்குத் தீனி வீசறியா நீ?” என்று காதுக்குள் சீறிக்கொண்டே இருந்தாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. நல்ல இதயத்து வாயில், திறந்து திறந்து மூடுவது. செத்துப்போனதாகச் சான்றிதழ் பெற்றதில் ஒரு சொட்டு விட்டேன். கோடு இரண்டு முறை துள்ளியது. அப்புறம் படுத்துவிட்டது. வாயில் மூடிக்கொண்டது.

அடுத்து அந்தக் குடும்பத்து வாயில். அதே சொட்டு. கோடு துள்ளியது, துள்ளியது, துள்ளிக்கொண்டே இருந்தது. யார் அதட்டியும் கேட்காமல். நீச்சல் குளத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது அதுதான். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மார்லிஸ் சத்தமில்லாமல் அழுதாள். இந்தத் தடவை நிஜமாக.

கெடுவுக்கு ஒரு நாள் முன் அனுப்பினாள். ‘புரதம் தொண்ணூற்றைந்து டிகிரியில் பத்து நிமிடம் வைக்கப்பட்டது’ என்று முறைப்பகுதியில் ஒழுங்காக எழுதினாள். இசைக்குழுவைப் பற்றி எழுதவில்லை. இதைவிடச் சுத்தமான முடிவைப் பார்த்ததில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதினார். கட்டுரை ஏற்கப்பட்டது. ஜூலையில் யாரும் பூட்டு எடுத்துக்கொண்டு வரவில்லை.

ஷ்மிட்கேக்கும் நல்ல காலம்தான். குற்றவாளி செத்ததும் சோதனைகளை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் எலும்பு முறிவதும் நின்றது. மேல்வரிசைப் பெஞ்சிலிருந்து விழுந்தவர்கள் விடுமுறை நாளில் விழுந்ததாகக் குறிக்கப்பட்டார்கள். செப்டம்பர் ஆண்டுக் கூட்டத்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தார். முகம் கறுத்தது.

“நம்ம வேலை முடியலை, நண்பர்களே. மூணாம் மாடி சாமான் பட்டியல்ல ஒரு புது ஆளைப் பிடிச்சிருக்கோம். ஹீமோகுளோபின். இது ஆக்ஸிஜனைப் பிடிச்சுக்குமாம். நம்ம சுவாசிக்கிற ஆக்ஸிஜனை! மார்லிஸ், நீங்க அனுபவப்பட்டவங்க. இதையும் கொதிக்க வெச்சுடலாமா?”

நானூறு தலைகள் திரும்பின. மார்லிஸ் எழுந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது.

“கொதிக்க வைக்கலாம் ரான்டி. ஆனா மூணாம் மாடியில இருக்கிறது ஒண்ணுமில்ல, சும்மா ஒரு சிட்டிகை. ஒவ்வொரு ஆள் ரத்தத்துலயும் அதுதான் நிறைஞ்சு கிடக்கு. ரத்தத்தோட சிவப்பே அதுதான். உங்ககிட்ட மட்டும் அஞ்சு லிட்டர் ரத்தம் இருக்கு.”

“என்கிட்டயா?” ஷ்மிட்கே தன் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே நீலமாக ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. “எ… எவ்வளவு நாளா?”

“பொறந்ததுலேருந்து.”

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பது மரியாதை இல்லை. மேடையோரம் உட்கார்ந்திருந்த ட்ரூடி எழுந்து, இயக்குநரின் முழங்கையை மென்மையாக, ஆனால் உதறமுடியாதபடி பிடித்துக்கொண்டாள். மற்றக் கையிலிருந்த பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

“மார்லிஸ், அஞ்சு லிட்டர்னா எத்தனை நிமிஷம் போடட்டும்?”